வலை சொல்லும் கணக்கும் வளை சொல்லும் கணக்கும்

வட ஐரோப்பாவில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஓர் அறிவிப்பு வரும்: இன்ன கடற்பகுதியில் அடுத்த ஆண்டு நார்வே சிங்கி இறாலை இத்தனை டன்தான் பிடிக்கலாம். எதை வைத்து இந்த அளவு என்று தேடிப் போனால், கடலடிச் சேற்றில் உள்ள ஓட்டைகளைக் கேமராவில் படம்பிடித்து எண்ணினோம் என்று ஆய்வறிக்கை சொல்லும்.

படிப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். விலங்கை எண்ணாமல் அது தோண்டிய ஓட்டையை ஏன் எண்ணுகிறார்கள்? படகுகள் நிறையப் பிடித்துவந்த ஆண்டில்கூட அடுத்த ஆண்டு வரம்பைக் குறைக்கிறார்களே, அது எப்படி? இரண்டுக்கும் பதில் இந்த விலங்கு வாழும் முறையில் இருக்கிறது. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சேற்றுக்குள் கழிக்கும் உயிரைப் பற்றி, சேற்றுக்கு மேலே ஓடும் வலை அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். சில நேரம் நேர்மாறாகவே சொல்லிவிடும்.

எந்த விலங்கு இது?

அறிவியல் பெயர் நெஃப்ரோப்ஸ் நார்வெஜிகஸ். 1758இல் லின்னேயஸ் இதை நண்டுகளோடு சேர்த்துப் பதிவு செய்தார். 1814இல் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் இதற்கென நெஃப்ரோப்ஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். சந்தையில் லாங்குஸ்டின், ஸ்காம்பி, டப்ளின் பே ப்ரான் என்று பல பெயர்களில் விற்பது இதே இனம்தான். பெயரில் இறால் என்று இருந்தாலும், உறவுமுறையில் இது பெரிய கொடுக்குள்ள சிங்கி இறால்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சு நிறம், ஒல்லியான உடல், நீண்ட மெல்லிய கொடுக்குகள், சிறுநீரக வடிவில் கறுத்த பெரிய கண்கள். நன்கு வளர்ந்த ஆண் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் எட்டும்.

ஐஸ்லாந்து, நார்வே தொடங்கி பிரிட்டன், அயர்லாந்து வழியாக மொராக்கோ வரையிலும், மத்தியதரைக் கடலிலும் இது வாழ்கிறது. ஆழம் 20 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை. 200 மீட்டருக்குக் கீழே போனால் ஆழ்கடல் என்பது பொதுவான வரையறை. இந்த இனம் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கழிகளில் ஆழம் குறைந்த இடங்களிலும் கிடைக்கும். அயர்லாந்துக்கு மேற்கே உள்ள போர்க்குபைன் திட்டிலும் மத்தியதரைக் கடலிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடைக்கும். எந்த ஆழமானாலும் சேறு மட்டும் கட்டாயம் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காட் போன்ற மீன்களைத் தேடிப் போன படகுகள், வலையில் சேர்ந்து வந்த நெஃப்ரோப்ஸைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தன. 1950களுக்குப் பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. 2000களில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பிடிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய பாதி பிரிட்டனுடையது, அதிலும் பெரும்பங்கு ஸ்காட்லாந்துக்கு. காட் மீன் நெஃப்ரோப்ஸை விரும்பித் தின்னும். காட் அருகிப்போன கடல்களில் படகுகள் நெஃப்ரோப்ஸ் பக்கம் திரும்பியதால், பல துறைமுகங்களின் பிழைப்பே இன்று இந்த ஒரே இனத்தை நம்பி நிற்கிறது. பிடிப்பு வரம்பு பற்றிய அறிவிப்பு இவ்வளவு சூடாக விவாதிக்கப்படுவது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1995இல் பீட்டர் ஃபுன்ச், ரெயின்ஹார்ட் கிறிஸ்டென்சன் என்ற இரு டென்மார்க் விலங்கியலாளர்கள், நெஃப்ரோப்ஸின் வாயுறுப்பு மயிர்களில் ஒட்டி வாழும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உயிரை விவரித்தார்கள். சிம்பியான் பண்டோரா என்று பெயர். அதுவரை அறிந்த எந்தப் பெரும்பிரிவிலும் அது அடங்கவில்லை. ஆகவே விலங்குலகத்தில் சைக்ளியோஃபோரா என்ற புதிய தொகுதியையே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. மனிதர் தின்று பழகிய ஒரு விலங்கின் உதட்டில் இப்படி ஒன்று இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சேற்றில் கட்டிய வீடு

மணலில் தோண்டினால் சரிந்துவிடும். வண்டலும் களியும் போதிய அளவு கலந்த சேறாக இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். அதனால் நெஃப்ரோப்ஸ் கடலடி முழுக்கப் பரவி வாழ்வதில்லை. சேற்றுத் திட்டுகளில் மட்டும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தீவுகளைப் போலப் பிரிந்து வாழ்கிறது. வளர்ந்த விலங்கு ஒரு திட்டை விட்டு இன்னொரு திட்டுக்குப் போகாது. முட்டையிலிருந்து வெளிவந்த இளவுயிரி மட்டும் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரியும். அது கீழே இறங்கும் இடத்தில் சேறு இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும்.

வளை பொதுவாக 20 முதல் 30 செ.மீ. ஆழம் இருக்கும். முன்வாசல் பிறைநிலா வடிவில் சாய்வாக உள்ளே இறங்கும். அதன் முன்னே தோண்டிப் போட்ட சேறு விசிறிபோலப் பரந்து கிடக்கும். பின்பக்கம் சிறிய வாசல் ஒன்றாவது இருக்கும். நீரோட்டம் உள்ளே புகுந்து வெளியேற அது உதவுகிறது. சில வளைகளுக்கு மூன்று நான்கு வாசல்கூட உண்டு. சேற்றுக்குள் உயிர்வளி புகுவது பெரும்பாலும் இத்தகைய சுரங்கங்கள் வழியாகத்தான். ஆகவே வளை தோண்டும் விலங்குகள் அந்தக் கடலடியின் வேதியியலையே மாற்றுகின்றன.

‘எலி வளையானாலும் தனி வளை’ என்பது நெஃப்ரோப்ஸுக்கு அப்படியே பொருந்தும். வளர்ந்த விலங்கு தன் வளையில் இன்னொன்றை விடாது, கொடுக்கை விரித்துச் சண்டைக்கு வரும். விதிவிலக்கு குஞ்சுகள்: சேற்றில் இறங்கிய குஞ்சு பெரும்பாலும் பெரியவற்றின் வளையை ஒட்டியே தன் சிறு சுரங்கத்தைத் தோண்டும். முதல் ஓராண்டு அது வெளியே தலைகாட்டுவதே அரிது.

சேற்றின் தன்மை அடர்த்தியையும் தீர்மானிக்கிறது. மிக மென்மையான சேற்றில் வளைகள் குறைவு, விலங்குகள் பெரியவை. சற்றே கரடுமுரடான வண்டல் சேற்றில் வளைகள் நெருக்கம், ஆனால் விலங்குகள் சிறியவை. இத்தாலிக்கும் குரோவேஷியாவுக்கும் நடுவே அட்ரியாட்டிக் கடலில் உள்ள போமோ பள்ளத்தில் எண்ணிக்கை மிக அதிகம், உருவமோ சிறிது. ஆக, ஒரு திட்டில் கிடைத்த அனுபவத்தை அடுத்த திட்டுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

சேற்றிலேயே மேய்வதால் சேற்றில் படியும் எல்லாம் வயிற்றுக்குள் போகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட் கடலில் பிடித்த நெஃப்ரோப்ஸை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 83 சதவீத விலங்குகளின் இரைப்பையில் பிளாஸ்டிக் இருந்தது. பெரும்பாலும் மீன்பிடிக் கயிறுகளிலிருந்து உதிர்ந்தவை போன்ற இழைகள், சில வயிறுகளில் பந்தாகவே சுருண்டு கிடந்தன.

எப்போது வெளியே வரும்?

இரை தேடவும் துணை தேடவும் மட்டுமே வெளியே வரும். நேரத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். அதன் கண் மங்கலான ஒளிக்கென்றே அமைந்தது. பகல் வெளிச்சத்தில் மேலே கொண்டுவந்தால் விழித்திரை மீளாமல் பழுதாகிவிடும். (பழுதான கண்ணோடு திரும்பக் கடலில் விடப்பட்டவை மற்றவற்றைப் போலவே பிழைத்து வளர்ந்ததையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.) தனக்குத் தோதான அந்த மங்கலான ஒளி எப்போது கடலடியில் கிடைக்கிறதோ, அப்போது வளையை விட்டு வரும். அந்த நேரம் ஆழத்துக்கு ஆழம் மாறும்:

1. ஆழம் குறைந்த இடங்களில் இரவில் வெளியே வரும்.
2. இடைப்பட்ட ஆழத்தில் விடியலிலும் அந்தி நேரத்திலும் வரும்.
3. 100 மீட்டருக்கும் கீழே பகலில் வரும், ஏனென்றால் மற்ற நேரங்களில் அங்கே கும்மிருட்டு.

இது வெறும் வெளிச்சத்துக்குக் காட்டும் எதிர்வினை மட்டும் அல்ல. ஆய்வகத்தில் முழு இருட்டில் வைத்தாலும் நாள் கணக்கில் அந்தத் தாளம் தொடர்கிறது; உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே. பெண் கோடைக் கடைசியிலோ இலையுதிர் காலத்திலோ முட்டையிட்டு, அவற்றை வயிற்றடியில் ஒட்டவைத்துக்கொண்டு வளைக்குள் போய்விடும். குளிர்ந்த வட கடல்களில் முட்டை பொரிய எட்டு ஒன்பது மாதம் ஆகும். தெற்கே மத்தியதரைக் கடலில் கொஞ்சம் குறையும். அதுவரை அது வெளியே வருவது மிக அரிது. பொரித்த பிறகு தோலுரித்து, ஓடு மென்மையாக இருக்கும்போதே இணைசேரும். கோடையில் சில மாதங்கள்தான் வலைக்கு எட்டும் தூரத்தில் நடமாடும். குளிர்காலப் பிடிப்பில் ஆண்களே மிகுதியாக இருப்பது இதனால்தான். இனத்துக்கு இது ஒரு காப்பு: அடுத்த தலைமுறையைச் சுமப்பவை ஆண்டின் பெரும்பகுதி வலையிலிருந்து தப்பிவிடுகின்றன.

வலை ஏன் தவறாகச் சொல்கிறது?

சாதாரணமாக ஒரு மீன் இனத்தின் நிலையை இரண்டு வழிகளில் கணிப்பார்கள். ஒன்று, ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பது. இன்னொன்று, பிடிபட்ட மீன்களின் வயதுக் கணக்கு. மீனின் காதெலும்பில் மரத்தின் வளையங்கள்போல ஆண்டு வரிகள் இருக்கும், எண்ணிவிடலாம். நெஃப்ரோப்ஸில் இரண்டாவது வழி அடைபட்டுப் போகிறது. வளரும்போதெல்லாம் தன் மேலோடு முழுவதையும் கழற்றிவிடுவதால், காதெலும்பு வரிகளைப் போல நம்பி எண்ண எதுவும் மிஞ்சுவதில்லை.

முதல் வழியாவது சரியா? இழுவை வலையில் சிக்குவது அந்த நேரத்தில் வெளியே இருந்தவை மட்டும். எந்த நேரம் இழுத்தார்கள், எந்தப் பருவம், கடல் கலங்கலா தெளிவா என்பதைப் பொறுத்து, ஒரே திட்டில் ஒரே வாரத்திலேயே பிடிப்பு பல மடங்கு ஏறி இறங்கும். இதைச் சராசரி எடுத்து ஓரளவு சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாத இரண்டு உண்டு. இந்தக் கட்டுரையின் மையமே அவைதான்.

முதலாவது, மூச்சுத் திணறல். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையே உள்ள கட்டெகாட் கடலில், 1980களில் இலையுதிர் காலத்தில் அடிநீரில் உயிர்வளி கடுமையாகக் குறைந்தது. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்த உரச்சத்து நுண்பாசியைப் பெருக்கியது. அது மடிந்து அடியில் அழுகியபோது உயிர்வளி தீர்ந்தது. அடியில் இருப்பது கனமான உப்புநீர் அடுக்கு என்பதால் மேல்நீர் அதோடு கலக்கவும் இல்லை. நெஃப்ரோப்ஸ் முதலில் வளை வாசலுக்கு வந்து, கால்களை ஊன்றி உடலை முடிந்த மட்டும் உயர்த்தி நின்று பார்க்கும். அப்போதும் போதாவிட்டால் வளையையே விட்டு வெளியேறும். அந்த நாட்களில் படகுகளுக்கு வலை நிறையக் கிடைத்தது. பிடிப்பை மட்டும் பார்த்த எவருக்கும் கடல் செழித்திருப்பதாகவே தோன்றியிருக்கும். உண்மையில் அது ஒரு கூட்டம் மூச்சுக்குத் தவித்து வெட்டவெளியில் நின்ற காட்சி. அடுத்து வந்த இழுப்புகளில் செத்தவை வந்தன, பிறகு ஒன்றுமே வரவில்லை.

இரண்டாவது, நோய். ஹெமட்டோடினியம் என்ற ஒட்டுண்ணி நெஃப்ரோப்ஸின் குருதியில் பெருகும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் 1980களிலிருந்து இதைக் கவனித்துவருகிறார்கள். தொற்று முற்றிய விலங்கு வெளிறிப்போய்ச் சோர்ந்துவிடும். வளைக்குத் திரும்பும் தெம்பில்லாமல் வெளியிலேயே கிடக்கும், வலை நெருங்கும்போது தப்பியோடவும் முடியாது. ஆக, நோய் பரவும்போதும் வலையில் கூடுதலாகச் சிக்க வாய்ப்புண்டு.

இரண்டிலும் நடப்பது ஒன்றே: இனம் சரியும் நேரத்தில் பிடிப்பு ஏறுகிறது. ஆபத்து நேரத்தில் பச்சை விளக்கு காட்டும் ஓர் அளவுகோலை மட்டும் நம்பி ஒரு கடலை நிர்வகிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சரி, ஓட்டையை எப்படி எண்ணுகிறார்கள்?

1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் இந்த முறையை வட கடலில் ஒழுங்காக நடத்தத் தொடங்கினார்கள். இன்று ஐஸ்லாந்து முதல் அட்ரியாட்டிக் வரை நடக்கிறது. செய்முறை:

1. கீழ்நோக்கிச் சாய்த்த கேமராவும் விளக்கும் பொருத்திய இரும்புச் சறுக்குச் சட்டத்தைக் கப்பலிலிருந்து கடலடிக்கு இறக்குவார்கள்.
2. நடைவேகத்துக்கும் குறைவாக, சுமார் 10 நிமிடம், ஏறக்குறைய 200 மீட்டர் இழுப்பார்கள். கேமராவுக்குத் தெரியும் அகலம் ஒரு மீட்டருக்கு உட்பட்டது. நீளமும் அகலமும் தெரிந்தால் பார்த்த பரப்பு தெரிந்துவிடும்.
3. பதிவான படத்தை இருவர் தனித்தனியாகப் பார்த்து எண்ணுவார்கள், ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் பார்ப்பதில்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தப் படம் மறுபடி எண்ணப்படும். புதிதாக வருபவர் மட்டுமல்ல, பழகியவரும் ஒவ்வோர் ஆய்வுப் பயணத்துக்கு முன்பும் மாதிரிப் படங்களை எண்ணித் தேற வேண்டும்.

எண்ணப்படுவது தனித்தனி ஓட்டை அல்ல, ஒரே சுரங்கத்தைச் சேர்ந்த வாசல்களின் தொகுப்பு. மூன்று வாசல் ஒரே வளைக்கு உரியவையா, இரண்டு வளைகளா என்று தீர்மானிப்பதில்தான் அனுபவம் பேசுகிறது. வாசல்கள் ஒரே மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா, பிறைவடிவம் இருக்கிறதா, அண்மையில் தோண்டிய சேறு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம், இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதே சேற்றில் கலோகாரிஸ் என்ற சேற்றிறால், கோனெப்ளாக்ஸ் என்ற நண்டு, சிவந்த நாடாமீன் எனப் பலவும் வளை தோண்டுகின்றன. அவற்றை நெஃப்ரோப்ஸ் கணக்கில் சேர்த்துவிடலாம். கேமரா விளிம்பில் பாதி தெரியும் வளையை முழு வளையாக எண்ணுவதால் எண்ணிக்கை கூடும். கலங்கல் நீரில் சில வளைகள் கண்ணுக்குத் தப்பும். ஒவ்வொரு திட்டுக்கும் இவற்றைத் தனியே மதிப்பிட்டு ஒரு திருத்த எண் வைத்திருக்கிறார்கள். பல திட்டுகளில் எண்ணிக்கை 10 முதல் 35 சதவீதம் வரை மிகையாகிறது என்று கொண்டு குறைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வளைக்கு ஒரு விலங்கு என்ற அனுமானம் இருக்கிறது. வெறும் வளை நீண்ட நாள் நிலைக்காது, பராமரிக்க ஆளில்லாவிட்டால் தூர்ந்துவிடும் என்பதே அதற்கு ஆதாரம். கூட்டம் வேகமாக அழியும் ஆண்டுகளில் இந்த அனுமானம் தளரும், வெறும் வளைகளும் கணக்கில் சேரும். முறையின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. விலங்கு உள்ளே இருந்தாலும் வெளியே வந்தாலும் வாசல் அங்கேயே இருக்கும். ஆண், பெண், பகல், இரவு எதுவும் கணக்கைக் கெடுக்காது. இழுவை வலை ஓடி வாசல்களை மூடினாலும், உள்ளே உள்ளவை அடிபடாமல் இருந்தால் சில நாட்களில் திறந்துகொள்ளும்.

எண்ணிக்கையிலிருந்து டன்னுக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. சேற்றுத் திட்டின் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர், திருத்திய அடர்த்தி சதுர மீட்டருக்கு 0.3 வளை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30 கோடி விலங்குகள். அதில் 8 சதவீதத்தை எடுக்கலாம் என்று முடிவானால் 2.4 கோடி. ஒன்றின் சராசரி எடை 25 கிராம் என்றால் 600 டன்.

இந்தச் சதவீதத்துக்குப் பிடிப்பு வீதம் என்று பெயர். வட கடலின் ஃப்ளாடன் திட்டுக்கு 7.5 சதவீதம், ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்துக்கு 16 சதவீதத்தை ஒட்டியது என, அந்தந்தத் திட்டின் வளர்ச்சி வேகத்தையும் அடர்த்தியையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். கரைக்கு வருவது மட்டுமல்ல, அளவில் சிறிதென்று கடலில் திருப்பி வீசப்பட்டுச் செத்தவையும் இந்தக் கணக்கில் சேரும். வலையில் நசுங்கி, வெயில் பட்டு வீசப்பட்டவற்றில் நான்கில் ஒன்றுதான் பிழைக்கும் என்றே வட கடலில் கொள்வது வழக்கம். கூண்டு வைத்துப் பிடிப்பவர்கள் திருப்பி விடுபவை மிகப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது: எடையும் ஆண்பெண் விகிதமும் கேமராவில் தெரியாது. அவற்றை அறியப் பிடிபட்டவற்றையே அளக்க வேண்டும். ஆக, வலையை ஒதுக்கிவிடவில்லை. எத்தனை இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் அதனிடம் கேட்பதை நிறுத்தியிருக்கிறார்கள். 2009 முதல் பன்னாட்டுக் கடலாய்வு மன்றமான ஐ.சி.இ.எஸ். இந்த எண்ணிக்கையை வெறும் ஏற்றத்தாழ்வுக் குறியீடாக அல்லாமல், மொத்தத் தொகையாகவே கொண்டு பரிந்துரை செய்கிறது.

சிக்கல் இப்போது எங்கே இருக்கிறது?

சில இடங்களில் நிலைமை ஏற்கெனவே கைமீறிப் போனது. ஐஸ்லாந்தில் பல ஆண்டுகளாகக் குஞ்சுகளின் வரத்து வற்றிப்போய், 2022 முதல் நெஃப்ரோப்ஸ் பிடிப்பே தடை செய்யப்பட்டது. போமோ பள்ளத்தில் 2017இல் மத்தியதரைக் கடல் மீன்வள ஆணையம் மீன்பிடிக் கட்டுப்பாட்டுப் பகுதி அறிவித்தது. அதன் மையப் பகுதியில் இழுவை வலைக்கு இடமில்லை.

கூடவே வாழும் மீன்களின் கதையும் உண்டு. நெஃப்ரோப்ஸுக்கான வலைக்கண் சிறியது, இளம் காட் குஞ்சுகள் அதில் மாட்டிச் சாகும். சுவீடனில் வலைக்குள் 35 மி.மீ. இடைவெளிக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்துகிறார்கள்: நெஃப்ரோப்ஸ் கம்பிகளுக்கிடையே நுழைந்து வலையின் பைக்குப் போகும், பெரிய மீன் சட்டத்தில் சறுக்கி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். எளிய கருவி, பலன் பெரிது.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஐ.சி.இ.எஸ். தன் எல்லைக்குள் உள்ள சேற்றுத் திட்டுகளைச் செயல் அலகுகள் என்று எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்கிறது. அரசுகள் வரம்பு விதிக்கும்போது பல அலகுகளை ஒன்றாகக் கூட்டி, வட கடல் முழுவதற்கும் ஒரே எண்ணாக அறிவிக்கின்றன. கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும். ஆனால் துறைமுகத்துக்கு அருகில் உள்ள திட்டிலேயே எல்லாப் படகும் குவிந்தால் அது தீர்ந்துபோகும், தொலைவில் உள்ளது தொடப்படாமல் கிடக்கும். கணக்கில் யாரும் வரம்பு மீறியிருக்க மாட்டார்கள். வளர்ந்த விலங்கு திட்டு விட்டுத் திட்டு போகாது என்பதால், தீர்ந்துபோன திட்டை அடுத்த திட்டு நிரப்பவும் செய்யாது. வரம்பையும் திட்டுவாரியாக விதியுங்கள் என்று ஐ.சி.இ.எஸ். ஆண்டுதோறும் எழுதுகிறது. போர்க்குபைன் திட்டுக்கு 2010இல் பருவகால மூடலும், 2011 முதல் தனி வரம்பும் வந்தன. மற்ற அலகுகளுக்கும் அதைச் செய்யத் தேவையான எண்ணிக்கைகள் ஒவ்வொரு கோடையிலும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிடுகின்றன.